எல்லாரும் பிறந்த நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருந்த காம்பரா வீடுகளில், பெரியவர்கள் பலருக்குப் பிறந்தநாள் கிடையாது. வயது இருந்தது, அதுவும் குத்துமதிப்பாக. அடையாள அட்டையில் ஒரு தேதியும் இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரின் வாய்க்கு அந்த நேரத்தில் வந்த தேதி அது. பக்கத்துக் காம்பராத் தாத்தாவும், அவர் மனைவியும், மனைவியின் தம்பியும் அட்டையின்படி ஒரே நாளில் பிறந்தவர்கள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் குறைப்பட்டுக் கொண்டதில்லை. பிறந்தநாள் என்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அம்மை மாதிரி வந்து போகிற ஒன்று, பெரியவர்களானால் வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் என் அத்தை குவைத்திலிருந்து திரும்பி வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. எட்டு வருடம் அங்கே ஒரு வீட்டில் வேலை செய்தவள். எங்களுக்குச் சொக்லேட், அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம், அம்மாவுக்கு ஒரு போர்வை, தனக்கென்று ஒரு ஓவன். அந்த ஓவன் மரப்பெட்டிக்குள் கப்பலில் வந்து, லொறியில் வந்து, கடைசியில் நான்கு பேர் தோளில் எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் அத்தை சமைத்தாள், துவைத்தாள், பிள்ளைகளை வளர்த்தாள். ஆனால் கற்றுக்கொண்டேன் என்று அவள் சொன்னது ஒன்றைத்தான்: கேக் போடுவது.

அத்தை ஓவனைப் போட்டால் லயம் முழுக்கப் பல்பு மங்கும். தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி கதவைத் திறக்கப் போகும் நேரம் பார்த்து மின்சாரம் போகும். டவுனில் ஒரு கடை பார்த்தால் நல்லது என்று லயமே ஒன்று கூடி அத்தைக்கு யோசனை சொன்னது. லுணுகலை டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், துணி மூட்டை அடுக்கி வைக்கும் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். முன்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி, பின்பக்கம் ஓவன், நடுவில் அத்தை.

கண்ணாடிக்குப் பின்னால் கேக்குகள் கல்யாணப் பெண்களைப் போல அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தன. ஐசிங்கில் ரோஜாப்பூ, இலை, சரிகை மாதிரி ஓரம். தோட்டத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களைப் போலவே பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்ற முகத்தோடு போனார்கள். பாண், பணிஸ் வாங்குவதற்குப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேக்கரி இருந்தது. பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் வகுப்புக்கு ஒரு பை டொபி போதும். கேக் என்பது நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு. நத்தாருக்கோ இன்னும் ஆறு மாதம் இருந்தது.

விற்காத கேக் சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வரும். கடை நொடித்துப்போக வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் மனதார வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருத்திதான். முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் காலைத் தேநீருக்குக் கேக், பள்ளிக்கூடத்துக்குக் கேக், ராத்திரி சோறு குறைந்தால் கேக். மூன்றாம் வாரம் நான் என் ரோஜாப்பூத் துண்டைப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய ரொட்டியையும் கட்டச் சம்பலையும் வாங்கித் தின்றேன்.

அம்மா கேக்கைத் தொடவே மாட்டாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கால் கழுவி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவளும் அத்தையும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேசியும் அதிகம் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதை அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அத்தை அதற்குச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். என் அண்ணன் அப்போது பதுளையில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். அவன் சாப்பாடு, டியூஷன், எங்கள் கூரைத் தகரம் எல்லாம் அத்தை குவைத்திலிருந்து அனுப்பியதில் நடந்தவை. அது நின்றுபோனது.

“கேக்கு வித்து ஒரு புள்ளையைப் படிக்க வைக்க முடியுமா?” என்று ஒரு நாள் அம்மா அடுப்பைக் கேட்டாள். “பண்டாரவளை ஏஜென்ட்டு மறுபடி பேசுனாரு. நல்ல வீடாம். இந்தத் தடவை சின்னக் குடும்பமாம். பதில் சொல்லலைன்னா வேற ஆளை அனுப்பிருவாராம்.”

“நான் போகலை அண்ணி.”

“போகலைன்னா?”

“இங்கயே பொழைக்கிறேன்.”

அம்மா விறகைத் தள்ளி வைத்தாள். “அப்ப கடையை ஓட்டிக் காட்டு. ஆடி பொறக்கிறதுக்குள்ள ஓடலைன்னா நான் அவருக்குச் சரின்னு சொல்லிருவேன். எனக்கு வேற வழி தெரியலை.”

அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிகாரம் வந்த பிறகு, பேச்சு முற்றும்போதெல்லாம் அவர் மணி பார்க்கப் பழகியிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு லயம் லயமாகப் புறப்பட்டாள். கையில் ஒரு பெட்டி நிறையத் துண்டு கேக். ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு, “ஒங்க பொறந்தநாள் எப்பங்க? அதுக்கு ஒண்ணு செஞ்சு தர்றேன்” என்று கேட்பது அவள் திட்டம். கேக்கை எல்லாரும் சந்தோஷமாகத் தின்றார்கள். கேள்விதான் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

“அந்தா நிக்குது பாரு பலாமரம், எங்கப்பன் நட்டது” என்றார் பக்கத்துக் காம்பராத் தாத்தா. “அதுக்கும் எனக்கும் ஒரே வயசும்பாங்க. கேக்கு வேணுமான்னு மொதல்ல அதைக் கேளு.”

மேல் லயத்துப் பெரியம்மா ஒருத்தி யோசித்துப் பார்த்து, “நான் மண்ணு சரிஞ்ச வருசம்” என்றாள்.

“எந்த மண்சரிவு பெரியம்மா?”

“அது தெரிஞ்சாத்தான் தேதியும் தெரிஞ்சிருக்குமே புள்ள.”

இன்னொருத்தர் சிவராத்திரி முடிந்து கொழுந்து குறைந்த நேரம் என்றார். வேறொருத்தர், தம்பி பிறந்தபோது பக்கத்தில் இருந்ததால் அந்தத் தேதி தெரியும் என்றும், தான் பிறந்தபோது பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்றும் சொன்னார். பெட்டி காலியாயிற்று. ஒரு ஓடர்கூட வரவில்லை.

திரும்பி வரும் வழியில் அத்தை தேயிலைக்கு நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவள் மட்டும் நிறுத்திவிட்டாள்.

“அந்த வீட்டுல ஒரு பூனை இருந்துச்சு” என்றாள். “அதுக்கு வருசா வருசம் நான் பொறந்தநாள் கேக் போட்டேன். மீன் வச்சு. அதுக்கு மேல பேரு எழுதணும். எட்டுக் கேக். பூனைக்குத் தேதி தெரிஞ்சிருக்கு பாரேன்.”

சட்டென்று எழுந்து, பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, என்னை விட்டுவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், “ஒரு பண்டிகை வைக்கப் போறேன்” என்று சொன்னாள்.

“எந்தச் சாமிக்கு?” என்றாள் அம்மா.

“சாமிக்கு இல்ல அண்ணி. பொறந்த தேதி தெரியாதவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே பொறந்தநாள். வருசத்துல ஒரு நாள். அன்னிக்குக் கேக் வெட்டணும். கேக்கு நம்ம கடையில.”

அப்பா மணி பார்த்தார்.

அத்தை சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தைப்பூசம், சிவராத்திரி, மாசித் திருவிழா, சித்திரை வருடப்பிறப்பு, வெசாக் என்று வருடத்தின் நல்ல நாட்களையெல்லாம் ஏற்கெனவே சாமிகள் பிடித்து வைத்திருந்தன. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் யாரும் வெளியே வர மாட்டார்கள். சம்பளத்துக்கு முன்னால் வைத்தால் யாரும் எதுவும் வாங்க மாட்டார்கள். அவள் விரலால் தேதிகளைத் தடவிக்கொண்டிருந்தபோது, அம்மா அடுப்புப் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்.

“ஆடியில வைக்காத. நல்லதுக்கு ஆகாது. ஆனி கடைசி ஞாயிறு சம்பளத்தை ஒட்டி வருது.”

அத்தை அந்த ஞாயிறைப் பென்சிலால் வட்டமிட்டாள். அம்மா போட்ட கெடுவும் அதோடு முடிகிறது என்பதை இருவருமே பேசவில்லை.

‘எல்லாரும் பிறந்த நாள்’ என்று அத்தை பெயர் வைத்தாள். பெயரில் இலக்கணம் சரியில்லை, ‘எல்லாருடைய பிறந்தநாள்’ என்று இருக்க வேண்டும் என்றார் எங்கள் வகுப்பு வாத்தியார். “சார் ஒரு கேக் வாங்கட்டும், ஒடனே திருத்திர்றேன்” என்று அத்தை என்னிடம் சொல்லி அனுப்பினாள். பெயர் திருத்தப்படவில்லை.

பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாங்கள் விளம்பரம் எழுதினோம். ‘உங்கள் பிறந்தநாள் உங்களுக்குத் தெரியாதா? கவலை வேண்டாம்’ என்று தொடங்கி, நாளும் கடையும் சொல்லி முடியும். கோயில் சுவரிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் பஸ் நிலையத்திலும் ஒட்டினோம். ஜோசியக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து ஜாதகத்தோடு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அத்தை அவர்களையும் உட்காரவைத்துக் கேக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

கோயிலுக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் விழாவை வைப்பது என்று அவள் நினைத்திருந்தாள். மண்டபத்துச் சாவி தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் இருந்தது. தலைவர் எங்களை உட்காரச் சொல்லி, தேநீரும் வரவழைத்தார்.

“நல்ல காரியம். சாவி தர்றேன். பின்னால நம்ம ஐயாவோட படம் பெருசா ஒண்ணு வைப்போம். ஐயாவையே வரச் சொல்லிக் கேக்கை வெட்டச் சொல்லுவோம்.”

ஐயா என்பது அவருடைய கட்சிக்காரர். தேர்தல் வந்தால் எங்கள் பக்கம் வருவார்.

“ஐயாவுக்கு அவரு பொறந்தநாள் தெரியுங்களா?” என்று அத்தை கேட்டாள்.

“தெரியாம? போன மாசம்தானே பேப்பர்ல முழுப் பக்கம் போட்டோம்.”

“அப்ப அவருக்கு இதுல வேலை இல்லைங்களே.”

தலைவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தேநீரை முடிக்கும் முன்பே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சாவி கிடைக்கவில்லை. “கடை வாசல்லயே வச்சுக்கிறேன். ரோடு யாரு வீட்டுச் சொத்தும் இல்ல” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் முழுக்க அவள் காலையில் போனும் கையுமாக இருந்தாள். வானொலியில் காலை நேரத்தில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. எங்கள் தோட்டத்தில் அது கேட்காத வீடு இல்லை. பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் தலையில் கொங்காணித் துணி போடுவார்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார்கள். அத்தை எடுப்பாள், லைன் கிடைக்காது. மறுபடி எடுப்பாள். ஒரு காலை, வீட்டுக்குள் அவள் குரலும் வானொலிக்குள் அவள் குரலும் ஒன்றாகக் கேட்டன. நான் வாயில் வைத்த பல்துலக்கியோடு உறைந்து நின்றேன்.

“யாருக்குங்க வாழ்த்துச் சொல்லணும்?” என்று அறிவிப்பாளர் கேட்டார்.

“எங்க தோட்டத்துக்குங்க.”

“தோட்டத்துல யாருக்கு?”

“எல்லாருக்குந்தாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் பொறந்த நாள்.”

அறிவிப்பாளர் சிரித்தார். “சரி, எத்தனையாவது பிறந்தநாள்?”

“அது தெரிஞ்சா நாங்க தனித்தனியா கொண்டாட மாட்டமாங்க? தெரியாததுனாலதான் ஒண்ணாக் கொண்டாடுறோம்.”

அறிவிப்பாளர் அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லி வாழ்த்தினார். லுணுகலை டவுனையும் கடையையும் அத்தை சொல்லாமல் விடுவாளா? பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளையின் போனிலும் அது கேட்டதாம். அன்று மத்தியானத்துக்குள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விசாரித்து ஆள் வந்தது. பெயர் எழுதிய சின்னக் கேக்குக்குச் சிலர் சொல்லிவிட்டும் போனார்கள். அத்தை ஐசிங்கில் தமிழ் எழுதிப் பழகினாள். குவைத்தில் அவள் எழுதியதெல்லாம் ஆங்கிலப் பெயர்கள். நம்முடைய ழகரம் கேக்கின் மேல் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் தலைவரும் வானொலி கேட்டிருந்தார். மடுவத்தில் நின்று அவர் சொன்னது லயம் முழுக்கப் பரவியது. “கேக்கு விக்கிறதுக்காக ஒங்களையெல்லாம் தேதி இல்லாத அநாதைங்கன்னு நாடு முழுக்கச் சொல்லிட்டா. அதுக்குப் போயி கை தட்டப் போறீங்களா?”

அது எல்லாரையும் சுட்டது. கேக்குக்குச் சொன்னவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். “எம்பேரை விட்டுரு தாயி, எம்மகன் திட்டுறான்” என்றார்கள். கடையிலிருந்து வெளியே போகும்போது அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். பக்கத்துக் காம்பராத் தாத்தாகூட எங்கள் வாசலில் நின்று பேசுவதை விட்டுவிட்டார்.

“அடுத்த மாசம் பாத்துக்கலாமே பாப்பா” என்று அப்பா அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இந்த ஞாயிறு இல்லைன்னா எனக்கு ஞாயிறே இல்லண்ணே” என்றாள் அத்தை.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வரவில்லை. கடையிலேயே இருந்து கேக் போட்டாள். ஞாயிறு காலை அப்பாவும் நானும் போய்ப் பார்த்தபோது, நானாவின் துணி வெட்டும் மேசை கடை வாசலில் கிடந்தது. அதன் மேல் மேசை அளவுக்கே ஒரு கேக். சுற்றிலும் தேயிலைக் கொழுந்து வடிவத்தில் பச்சை ஐசிங். நடுவில் வெறும் வெள்ளை. பெயர் எழுத இடம் விட்டிருந்தாள். நானா துண்டுத் துணிகளைக் கயிற்றில் கோத்துத் தோரணமாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் இல்லை. “எங்களுக்கு இதெல்லாம் இல்லதான். ஆனா ஒங்கட துணிச்சலுக்குத் தோரணம் கட்டலாம் தங்கச்சி” என்றார்.

மூடுபனி விலகி வெயில் வந்தது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு என்பதால் டவுனில் நல்ல கூட்டம். தோட்டத்துப் பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. கேக்கை ஒரு கண்ணாலும் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த தலைவரை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊரே நிக்கிது” என்றார் நானா மெதுவாக. “இந்தப் பக்கம் நாங்க மட்டும்தான் தங்கச்சி.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவோரத்துக்குப் போனாள்.

“வாங்க, எதுக்கு அங்கயே நிக்கிறீங்க? தேதி தெரியாதது நீங்க செஞ்ச குத்தமா? ஒரு துண்டு கேக்கு. தின்னுட்டுப் போங்க. காசு கேக்க மாட்டேன்.”

யாரும் அசையவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தை திரும்பி வந்து, கேக்கின் மேல் உட்கார்ந்த ஒரு ஈயை விரட்டினாள். மறுபடி தெருவோரத்துக்குப் போய் மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை போனபோது அவள் குரல் கம்மிவிட்டது. ஆனாலும் கூப்பிட்டாள். வெயிலில் பச்சை ஐசிங் லேசாக இளக ஆரம்பித்திருந்தது. அப்பா மணி பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மாவைக் கண்டேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். மாதச் சாமான் வாங்க வந்தவளாக, கையில் பையோடு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பையைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எம்பேரை எழுது” என்றாள்.

அத்தைக்குப் புரியவில்லை. “ஒங்களுக்கு மார்கழின்னு அண்ணன் சொல்லுமே அண்ணி.”

“அது ஜோசியருகிட்ட ஒங்கண்ணன் சும்மா சொன்னது. எனக்குத் தெரியாது.” அம்மா எதையும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். “இனக்கலவரத்துல எங்க லயம் எரிஞ்சப்ப நான் கைக்கொழந்தை. எங்க பெரியம்மாதான் என்னையத் தூக்கிக்கிட்டு மலை ஏறி இந்தத் தோட்டத்துக்கு வந்துச்சு. என்னையத் தூக்கவே அதுக்கு ரெண்டு கையும் சரியா இருந்துச்சு. தேதியையும் சேத்துத் தூக்கிட்டு வர முடியலை. அதுக்காக நான் வெக்கப்படணுமா? எழுது.”

தேநீர்க் கடையில் கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அம்மாவை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. என் அம்மாவுக்குப் பிறந்தநாள் இல்லை என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. நான் ஒரு நாளும் கேட்டதுமில்லை.

அத்தை ஐசிங் பையை எடுத்தாள். வெயிலில் இளகிய ஐசிங்கில் அம்மாவின் பெயர் ஒரு பக்கம் சாய்ந்துதான் வந்தது. அம்மாவின் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசிப் புள்ளியை அத்தை வைப்பதற்குள் பக்கத்துக் காம்பராத் தாத்தா குடையை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டார். “எனக்கும் ஒரு எடம் விடு. பலாமரத்துப் பேரை எழுதிராத” என்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. மண் சரிந்த வருடத்துப் பெரியம்மா. பிறகு எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஒரு பஸ் வந்து, கடக்க வழியில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. வெள்ளை இடம் பெயர்களால் நிரம்பி, பச்சைக் கொழுந்துகளின் மேலும் பெயர்கள் ஏறின. எல்லாருக்கும் கடைசியாகத் தலைவர் வந்தார். தனக்குத் தேதி நன்றாகத் தெரியும் என்றும், மனைவிக்காக வந்ததாகவும் சொன்னார். அவர் மனைவி சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

“மெழுகுவத்தி எத்தனை வைக்கட்டும் அண்ணி?”

“ஒண்ணு வை. போனதெல்லாம் போச்சு. இன்னியிலேர்ந்து எண்ணிக்கலாம்.”

பிள்ளைகள் நாங்கள் பாடினோம். பெரியவர்கள் பஜனைக்குத் தட்டுவது போலக் கை தட்டினார்கள். ஊதி அணைக்கச் சொன்னபோது அம்மா அதிர்ந்துபோனாள். விளக்கை வாயால் ஊதுவதா? உள்ளங்கையை மெதுவாக வீசி, சாமி விளக்கை மலையேற்றுவது போலவே அணைத்தாள். பிறகு கத்தியை வாங்கித் தன் பெயரின் ஓரமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தாள்.

நான் வாயைத் திறந்துகொண்டு தயாராக நின்றேன். அம்மா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அந்தத் துண்டை அத்தையின் வாயில் வைத்தாள்.

“நாளைக்கு ஏஜென்ட்டு வந்தா நான் பேசி அனுப்பிக்கிறேன்” என்றாள், இப்போது அவளுடைய பழைய தாழ்ந்த குரலில். “நீ காலையில நேரத்தோட வந்து கடையைத் தொற.”

அத்தை வாயில் கேக்கோடு அப்படியே நின்றாள். அவ்வளவு நாள் ஓடியவள், கூப்பிட்டவள், தலைவரின் வீட்டுத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவள், ஒரு துண்டு கேக்கை விழுங்க முடியாமல் துணிக்கடைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஐசிங்கில் உப்பு விழுந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

சாயங்காலம் கண்ணாடி அலமாரியில் ஒன்றும் மிஞ்சவில்லை. மகளின் பூப்புனித நீராட்டுக்கு இரண்டு தட்டுக் கேக் வேண்டும் என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார். வெலிமடையில் கல்யாணம் என்று இன்னொருத்தர். மறுநாள் ஏஜென்ட் வந்தார். அம்மா வாசலிலேயே நின்று பேசி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அண்ணனின் படிப்பு சிரமப்பட்டுத்தான் முடிந்தது. அம்மா அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய் மாவு சலித்தாள். ஆனி மாதக் கடைசி ஞாயிறு இப்போது பக்கத்துத் தோட்டங்களிலும் கொண்டாடப்படுகிறது. அது ஏதோ பழங்காலத்து வழக்கம் என்று நினைக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பேக்கரிக்காரரும் அன்றைக்குக் கேக் போடுகிறார். அத்தை அதைப் பற்றிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் அப்பாவின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவும் அத்தையும் முன் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. வளைவுகளில் பஸ் சாயும்போது இருவரும் சேர்ந்து சாய்ந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று இரண்டு மூன்று தடவை யோசித்தேன். முதல் துண்டை வீட்டுப் பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும், எந்தப் பிறந்தநாளிலும் அதுதான் முறை, எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும். பிறகு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாவம், அம்மாவுக்கு இதுதானே முதல் பிறந்தநாள், அடுத்த வருடம் சரியாகச் செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.